இரண்டு மயிலும் ஒரே பக்கம்

வலது கை மேலிருந்து ஊசியைக் குத்தி இறக்கியது. துணிக்கு அடியில் காத்திருந்த இடது கை, ஊசியின் வளைந்த நுனியில் ஜரிகையை மாட்டிவிட்டது. மேலே ஒரு கண்ணி எழுந்தது. அதற்குள் அடுத்த குத்து. சட்டத்தில் இறுக்கிக் கட்டிய அரக்குப் பட்டில் மயில் தோகையின் கடைசிக் கண் நிறைந்ததும் கைகள் ஜரிகையைத் துண்டித்தன, கட்டுகளை அவிழ்த்தன, துணியைப் பாயில் விரித்தன. பிறகு அப்படியே நின்றுவிட்டன.

இரண்டு மயிலும் ஒரே பக்கம் பார்த்தன.

கல்யாண பிளவுஸில் கைக்கு ஒரு மயில். பெண் மணையில் உட்கார்ந்தால் இரண்டும் முன்பக்கம் பார்க்க வேண்டும். அதற்கு, ஊசியால் துளையிட்டுப் பொடி தடவும் டிரேசிங் தாளை இரண்டாவது கைக்குப் புரட்டிப் போட வேண்டும். தாள் வைத்த அன்றைக்கு ஜஹீதாவின் காதில் இயர்போன் வழியே பாடம் ஓடிக்கொண்டிருந்தது. ‘வணிகத் தகவல் தொடர்பு, மூன்றாம் அலகு’. கேட்டுக்கொண்டே தாளை அப்படியே வைத்துப் பொடி தடவிவிட்டாள். தைத்துப் போட்டால் ஒரு மயில் முன்னால் பார்க்கும், இன்னொன்று முதுகைப் பார்க்கும்.

மயிலாப்பூர் கச்சேரி சாலைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் பிறந்து வளர்ந்தவள் ஜஹீதா. பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஆரி ஊசியைப் பிடித்தாள். அடையாறில் ஒரு பொட்டிக் துணிக்கடைக்குத்தான் வேலை. பொட்டிக்காரம்மா எந்தக் கல்யாணப் பெண்ணையும் அவள் கண்ணில் காட்டியதில்லை. பின்னறையில் உட்கார்ந்து போட்டாள். பாராட்டு முன்னறையோடு நின்றது, குறை மட்டும் உள்ளே வந்தது. நேராக வேலை பிடிக்க வேண்டுமானால் நாலு பேரிடம் பேசத் தெரிய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. வணிகத் தகவல் தொடர்பு என்ற அந்த ஒரு பாடத்துக்காகவே பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் பிபிஏ சேர்ந்தாள்.

நேராக வந்த முதல் பெண் சரண்யா. தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். துணியைக் கொடுத்த அன்றே அவள் அம்மா தங்கபுஷ்பம் சொல்லியிருந்தார்: “இது மட்டும் நல்லா வரட்டும். எங்க ஆளுகள்ல கல்யாணம் வரிசையா நிக்கி. அம்புட்டு பேரும் ஒன்கிட்டதான்.” அதை நம்பித்தான் ஜஹீதா அடையாறு வேலையை விட்டாள். இது கெட்டால் மறுபடியும் அந்தப் பின்னறைதான்.

புடவையோடு சேர்த்து நெய்த துணி. வேறு துண்டு கிடையாது. பிரித்தால் பட்டில் ஊசித் தடம் நிற்கும்.

அவள் அம்மி என்று கூப்பிடும் தாய் அஃப்சருன்னிசா பாயருகே குனிந்து பார்த்தார். “இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வெச்சிகினு கீறே? முந்தானை எடது தோள்லதானே விழும்? மூடிக்கும். சும்மா குடுத்துடு.”

“போட்டோ எடுக்கறவன் மூடுவானா அம்மி?”

ஞாயிற்றுக்கிழமை நேரடி வகுப்பு. ராமானுஜம் சார் பலகையில் மூன்று கட்டம் போட்டார். “கெட்ட சேதியை எடுத்த எடுப்புலே சொல்லப்படாது. முதல்ல நல்லதா ரெண்டு வார்த்தை. நடுவுல விஷயம். முடிவுல மறுபடி இனிப்பு. படிக்கறவா மனசு நோகாது.”

பின்வரிசையிலிருந்து சுரேஷ்குமார், வேளச்சேரியில் கார் ஓட்டிக்கொண்டே படிப்பவன், கையைத் தூக்கினான். “சார், எங்க டெய்லரு இத படிக்காமயே செய்றாரு. எப்ப போனாலும் ‘தெச்சாச்சு நைனா, கொக்கி மட்டுந்தான் பாக்கி’ம்பாரு. துணிய வெட்டியே இருக்க மாட்டாரு.”

வகுப்பே சிரித்தது. “அது பொய். இது முறை” என்றார் சார்.

“வாங்கப் போறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

ஜஹீதாவும் சிரித்தாள், ஆனால் சார் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டாள். கெட்ட சேதிக் கடிதம் ஒன்று எழுதச் சொன்னபோது தன் பிளவுஸையே எழுதினாள். சார் அதை உரக்கப் படித்து, “பாத்துக்கோங்கோ, இதான் மாதிரி” என்றார். அவர் வகுப்பில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே அதைத் தமிழாக்கி சரண்யாவுக்கு அனுப்பினாள்.

‘அன்புள்ள சரண்யா, என்னை நம்பி உங்கள் கல்யாண பிளவுஸைத் தந்ததற்கு மனமார்ந்த நன்றி. மயில் வேலை மிக அழகாக வந்திருக்கிறது. ஜரிகை உங்கள் புடவைக் கரையோடு அப்படியே பொருந்துகிறது’ என்று தொடங்கி நீண்டுபோன செய்தி. நடுவில், ‘இடது கை வடிவமைப்பில் சிறிய திசை மாற்றம் ஏற்பட்டுள்ளது. இதை எப்படிச் செய்யலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்’ என்றிருந்தது. பிறகு மறுபடியும் நன்றி, வாழ்த்து.

சரண்யாவிடமிருந்து சிவப்பு இதயம் ஒன்று வந்தது. ஜஹீதாவுக்கு மூச்சு வந்தது. பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை அம்மாவும் மகளும் ஊர் இனிப்பான மக்ரூன் டப்பாவோடு வாசலில் நின்றார்கள்.

“எங்க, காட்டுங்கக்கா. மெசேஜ் பாத்ததுல இருந்து இருப்பே கொள்ளல” என்றாள் சரண்யா.

“மெசேஜ் பூராப் படிச்சியாம்மா?”

“பார்லர்ல இருந்தேன்க்கா. அழகா வந்திருக்குன்னு இருந்துச்சு. போதாதா?”

ஜஹீதாவின் வாயில் அந்த மூன்று கட்டம்தான் வந்தது. “துணி ரொம்ப நல்ல துணி ஆன்ட்டி. ஜரிகை எவ்ளோ எடுப்பா உக்காந்துச்சுன்னா...”

தங்கபுஷ்பம் மக்ரூன் டப்பாவை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். “ஏ பிள்ள, சுத்தாத. என்ன ஆச்சு?”

“எடது கை மயில் பின்னாடி பாக்குது. தாள புரட்டாம போட்டுட்டேன். என் தப்பு.”

துணியை விரித்துக் காட்டினாள். சரண்யா இரண்டு மயிலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் நிறைவதை ஜஹீதாவால் பார்க்க முடியவில்லை.

“படிக்கேன் படிக்கேன்னியே, இதத்தான் படிச்சியா?” என்றார் தங்கபுஷ்பம். குரல் உயரவில்லை. “எங்க கடையில குக்கர் விசில் போச்சுன்னா விசில் போச்சுன்னுதான் சொல்லுவோம். மூடி பளபளன்னு இருக்குன்னா ஆரம்பிப்போம்? நீ நேத்தே வெளங்கச் சொல்லியிருந்தா ஒரு நாள் மிச்சம்லா?”

ஜஹீதா துணியின் ஓரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு முதுகப் பாக்குற மயில் வேண்டாம்” என்றாள் சரண்யா. “பிரிச்சா சரியாயிருமா?”

“சரியாகாது. துளை நிக்கும். பழைய தல இருந்த எடத்துல பூ போட்டு மூடுவேன். ஜோடி சேரணும்னா வலது கையிலயும் அதே பூ போடணும். அப்பவும் பூவுக்கு வெளிய கொஞ்சம் தடம் தெரியும். உத்துப் பாத்தா தெரியும்.”

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “பிரிங்க” என்றாள் சரண்யா. போகும்போது தங்கபுஷ்பம் மக்ரூன் டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

ஆரித் தையல் சங்கிலி போன்றது. முடிச்சை வெட்டி ஜரிகை நுனியை இழுத்ததும், பல நாள் போட்ட மயில் சரசரவென்று அவிழ்ந்து மடியில் சுருளாக விழுந்தது. அம்மி பார்க்கப் பொறுக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார். பட்டில் மயில் உருவத்திலேயே துளைகள் நின்றன. ஜஹீதா ஈரத் துணி போட்டு ஆவி காட்டினாள், இழைகளை நகத்தால் மெல்லத் தேய்த்து நெருக்கினாள். சில துளைகள் மூடிக்கொண்டன. தாளைப் புரட்டி, புரட்டியதைச் சட்டத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று ஒருமுறை பார்த்து, பிறகே பொடி தடவினாள். காதில் எதுவும் மாட்டவில்லை.

தினமும் சரண்யாவுக்கு ஒரு வரி அனுப்பினாள். ‘தலை முடிந்தது.’ ‘தோகை பாதி.’ ‘ஓரத்துத் தடம் போகவில்லை.’ படித்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. அடையாறு பொட்டிக்காரம்மா ஒருநாள் போன் செய்து, திரும்பி வருகிறாயா என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை.

டெய்லரிடம் கொடுத்துத் தைத்து வாங்கிய பிளவுஸோடு அவள் தி. நகர் வீட்டுக்குப் போனபோது, கூடம் முழுக்க ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள். தங்கபுஷ்பம் வாழையிலைக் கட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். வா என்று சொல்லவில்லை.

ஜஹீதா பையிலிருந்து பிளவுஸை எடுப்பதற்கு முன்பே சொன்னாள்: “எடது கையில, பூவுக்குக் கீழ, நாலஞ்சு துளை தெரியுது ஆன்ட்டி. எவ்ளோ பாத்தும் போகல.”

தங்கபுஷ்பம் பிளவுஸை வாங்கி, கையை உள்புறம் திருப்பி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜஹீதாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

“போட்டுக்கிறவகிட்ட நீயே குடு.”

சோபாவில் இருந்த ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார். “இந்தப் பிள்ளையா போட்டது?”

“இவதான்” என்றார் தங்கபுஷ்பம், யார் முகத்தையும் பார்க்காமல். “தப்பாப் போட்டா, பிரிச்சுப் போட்டா. ஒனக்கு வேணும்னா அவகிட்டயே கேட்டுக்க.”

அது சிபாரிசா, புகாரா என்று ஜஹீதாவுக்குப் புரியவில்லை. உள்ளறையிலிருந்து மருதாணி காயாத கைகளோடு சரண்யா வந்தாள். விரல் படாமல் இரண்டு முன்கைகளையும் சேர்த்து நீட்டினாள். ஜஹீதா பிளவுஸை மடிப்புக் கலையாமல் அவற்றின் மேல் வைத்தாள், துளை இருந்த பக்கம் மேலே தெரியும்படி.