திண்டிவனத்தில் ஆறாம் பக்கம் வரை

போன ஞாயிறு விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய் வந்தேன். கோயில், குளம் எதுவும் பார்க்கவில்லை. ஒரு மாடியறையில் உட்கார்ந்து கதை கேட்டுவிட்டு வந்தேன். சிரிக்காதீர்கள், எழுதுகிறவர்களுக்கு இதைவிடத் திகிலான பயணம் கிடையாது.

எங்கள் வாசிப்புக் குழு மாதம் ஒருமுறை அங்கே கூடும். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. கதையை இன்னொருவர்தான் படிப்பார். அலுத்துப்போனவர்கள் கையைத் தூக்கி, அப்படியே வைத்திருப்பார்கள். மூன்று கை சேர்ந்தால் வாசிப்பு நின்றுவிடும். ஏன் அலுத்தது என்ற பேச்சு தொடங்கும். என் முதல் கதை இரண்டாம் பக்கத்தில் நின்றது, அடுத்தது மூன்றாம் பக்கத்தில். இந்த முறையும் நின்றால் எழுதுவதையே மூட்டை கட்டிவிடுவது என்றிருந்தேன்.

காலை எட்டரைக்குப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்ட என் வீட்டுக்காரர், "இன்னிக்கு எத்தினி பக்கம் தாங்கும்?" என்றார். கொழுப்பு! சென்னைப் பேருந்தில் ஏறினால் சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். கதை படிக்கப் போகிறேன் என்றதும், ஞாயிற்றுக்கிழமை அதற்காகவா மெனக்கெட்டு வருகிறீர்கள் என்று ஓட்டுநர் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

என் கதையில் இரண்டு ஓரகத்திகள், பேச்சுவார்த்தை இல்லாமல் எதிரெதிரே உட்கார்ந்து மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, ஆய்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு கை எழுந்தது. நான்காம் பக்கத்தில் இன்னொன்று. ஐந்தாம் பக்கத்தில் சுலோச்சனா அக்கா கை தூக்கினார். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம், மல்லாட்டை வியாபாரம். அவரிடம் தப்பிய கதைகள் குறைவு. படித்தவர் தாளை மடித்தார். போச்சுடா என்று நான் பையை எடுத்துவிட்டேன்.

"மடிக்காதீங்க," என்றார் அக்கா. "பெரியவ தன் குவியல சின்னவ பக்கம் தள்ளிக்கினே வேற எங்கியோ பாக்குறா இல்ல, அந்த எடத்த இன்னொரு தபா படிங்க."

மறுபடி படித்தார்கள். முதலில் எழுந்த இரண்டு கைகளில் ஒன்று இறங்கியது. ஆறாம் பக்கம், கடைசி வரி வரை போனது. அப்புறம் ஒரு மணி நேரம் அலசினார்கள். தொடக்கத்தில் அரைப் பக்கத்தை வெட்டச் சொன்னார்கள். முழுப் பக்கத்தையே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன், அவ்வளவு சந்தோஷம்.

இப்படிக் கிளம்ப நினைப்பவர்கள் கதையைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துப் போங்கள். படிப்பவர் திக்கினாலும் கை எழும். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அங்கே போனபின் இறங்காது. திரும்பும்போது ஞாயிறு மாலைப் பேருந்துகளில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். நான் நின்றுகொண்டேதான் வந்தேன், கால் வலித்ததாக நினைவில்லை.

விழுப்புரத்தில் வண்டியோடு காத்திருந்த வீட்டுக்காரர், "எத்தினாவது பக்கத்துல நிறுத்துனாங்க?" என்றார்.

"நிறுத்தல. அஞ்சாம் பக்கத்த ரெண்டு தபா படிச்சாங்க."