குருத்தோலை எரித்த ஞாயிறு

பால்பவுடர் டப்பாவின் மூடியைத் திறந்து நீட்டினேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் வீட்டு வாசல். டப்பாவில் கால்வாசிக்குக் கருஞ்சாம்பல் இருந்தது. கனகாம்பரம் பறித்துவிட்டு நேராகத் தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். முந்தானை இன்னும் இடுப்பில் செருகியபடி இருந்தது. விரலை உள்ளே விட்டு லேசாகக் கிளறினாள். "இதுல எதுங்க மிஸ் எங்க வூட்டுக்காரரு கட்டுனது?" என்று கேட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். அவளோ தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவள் என் மறைக்கல்வி வகுப்பில் படித்த ஒரு பிள்ளையின் அம்மா. இண்டூர் பக்கம் எங்கள் ஊரில் கிறிஸ்தவ வீடுகள் பதினைந்து தேறினால் அதிகம். சாமியார் தர்மபுரியிலிருந்து வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் வேலை என் தலையில் விழுந்தது. ஆறு நாள் தனியார் பள்ளியில் தொண்டை கிழியக் கத்திவிட்டுப் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் திரும்புகிறவள் நான். கடவுளே ஏழாம் நாள் ஓய்ந்து உட்கார்ந்தார்; எனக்கு அன்றைக்கும் வகுப்பு. புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அவர்களைப் பார்த்து எனக்கும் கொட்டாவி வரும். அதனால்தான் அந்த வருஷம் தவக்காலத்தைக் கையால் செய்து காட்டலாம் என்று நினைத்தேன்.

குருத்து ஞாயிறன்று கோயிலில் வாங்கும் தென்னங்குருத்தைச் சிலுவையாக மடித்து, நிலைக்கதவுக்கு மேலேயோ சாமி படத்துக்குப் பின்னாலோ செருகிவைப்பது எங்கள் வழக்கம். வருஷம் முழுக்க அது அங்கேயே காய்ந்து கிடக்கும். அதை எரித்த சாம்பலைத்தான் அடுத்த வருஷம் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் இடுவார்கள். சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளே செய்து பார்க்கட்டும் என்று, அடுத்த ஞாயிறு ஆளுக்கொரு பழைய குருத்துக் கொண்டுவரச் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? "கொண்டு வராதவங்களுக்கு வேல கிடையாது, ஓரமா உக்காந்து வேடிக்க பாருங்க" என்று மிரட்டலும் விட்டேன்.

பதினோரு பேரும் தவறாமல் கொண்டுவந்தார்கள். மண்சட்டியில் போட்டுக் கொளுத்தி, ஒருத்தன் விசிற, ஒருத்தி கல்லால் நுணுக்க, இரண்டு பேர் பழைய வேட்டித் துணியில் சலிக்க, எல்லா மூக்கிலும் கரி. அத்தனை சந்தோஷம் என் வகுப்பில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பிள்ளை மட்டும் தன் குருத்தைப் பாவாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்றாள். "எரிச்சா திரும்பக் கெடைக்குங்களா மிஸ்?" என்றாள். எனக்குப் பசி, புகையில் கண் எரிச்சல், மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. "சாம்பலாத்தான் கெடைக்கும். போடு போடு" என்றேன். போட்டுவிட்டாள். அன்று மதியமே அவள் அம்மா என் வாசலில் வந்து நின்றாள்.

அவள் அப்பா டெம்போ ஓட்டியவர். ஐப்பசி மழையில் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் எங்களைப் போல வேதக்காரர் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் கோயில் பக்கம் வந்தவர் இல்லை. ஆனால் குருத்து ஞாயிறு மட்டும் தவறாமல் வருவார். கிளி, பாம்பு, விசிறி என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓலையில் பின்னிக் கொடுத்துவிட்டு, கடைசியில் தன் வீட்டுக்கு ஒரு சிலுவை கட்டுவார். அவர் கையால் செய்ததென்று அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அம்மாவிடம் கேட்காமல் பிள்ளை ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்து வந்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். செத்த வீட்டுக்கு நானும் போய் அழுதவள்தான். அன்றைக்கு யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் மனசு கேட்காமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "ரெண்டு நாளா சோறு திங்கலீங்க. அப்பாவ நானே எரிச்சுட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுவறா. நா கையக்கூட ஓங்கலீங்க மிஸ். என்னத்தச் சொல்லித் தேத்தறதுன்னு தெரியல" என்றாள் அம்மா. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உயிர்ப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவள் நான். கொண்டுபோன ரொட்டிப் பொட்டலத்தை வைத்துவிட்டு வந்தேன். தூ, என்ன டீச்சர் என்று வழியெல்லாம் என்னையே ஏசிக்கொண்டேன்.

புதன்கிழமை பூசைக்கு இருவரும் வந்தார்கள். சாமியார் அந்தச் சாம்பலைத்தான் மந்திரித்து, வரிசையில் வந்தவர்களின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையின் முறை வந்ததும் இரண்டு கையாலும் நெற்றியைப் பொத்திக்கொண்டாள். "வேண்டாம் சாமி, எல்லாரும் பூசிப் பூசி எங்கப்பாவத் தீத்துடுவாங்க" என்று வீறிட்டாள். சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. கோயிலே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் சாம்பல் தட்டைப் பிடித்து நின்றவள் நான்.

அம்மா பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அழவில்லை. பூக்கூடையை இறக்கி வைத்தவள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள். "பூசிக்கட்டும் பாப்பா. ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கட்டும். நா ஒருத்தியே எத்தன நாளைக்கு வெச்சிருப்பேன்?" என்றாள். பிள்ளை அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒரு கையை எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கையையும் எடுத்தாள்.

அவர்கள் ஓசூருக்குப் போய் வருஷங்களாகிவிட்டன. அந்தப் பிள்ளை நர்ஸுக்குப் படிப்பதாகக் கேள்வி. எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது. ஞாயிறு வகுப்பு மட்டும் இன்னும் என்னை விட்டபாடில்லை. இப்போதும் பிள்ளைகளோடு குருத்து எரிக்கிறேன். "வூட்ல கேட்டுட்டுத்தான எடுத்துட்டு வந்த?" என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை கேட்கிறேன். இந்த மிஸ் எதுக்கு இப்படி நச்சரிக்குது என்று முணுமுணுக்கிறார்கள். காரணத்தை அவர்களிடம் சொன்னதில்லை. சாமியாரிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில்கூட. இத்தனை வருஷமும் நானும் இதை ஒருத்தியாகத்தான் வைத்திருந்தேன். இன்றைக்கு முடியவில்லை, உங்களிடம் சொல்லிவிட்டேன்.