மிதப்புத் தேங்காய்

வள்ளத்தில் ஏறுவதற்கு முன்னால் நான் கேட்கும் கேள்விகள் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். முகப்பில் நம்பர் எழுதியிருக்கிறதா, எத்தனை பேர் ஏறலாம், விளக்கு எங்கே, தண்ணீர் இறைக்கப் பாத்திரம் உண்டா, மிதப்பு உண்டா. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் கேட்காமல் கால் ஏறுவதில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்கு வள்ளத்தில் போய், மணலில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவது எங்கள் குடும்ப வழக்கம். அந்த வருடம் மகளுக்கு எட்டு வயது. நீந்தத் தெரியாது.

ஆட்களை ஏற்றும் வள்ளத்தில் மிதப்பு இருக்க வேண்டும் என்பது சர்க்கார் சட்டம். எங்கள் பக்கத்தில் மிதப்பு என்றால், தொண்டு என்கிற நார்மட்டை உரிக்காத உலர்ந்த தேங்காய் இரண்டைக் கயிற்றில் பிணைத்தது. அன்று வள்ளத்தின் பின்புறம் மூன்று சோடி தொங்கின. நான் தொட்டுப் பார்த்தேன்.

"மைனி, நீங்க வள்ளத்துல ஏற வந்தியளா, பரிச்சை வைக்க வந்தியளா?" என்றான் கொழுந்தன்.

"வாத்திச்சி பின்ன என்ன செய்வா? ஏறு தம்பி" என்றேன்.

பொழிமுகத்தில் கொழுந்தன்தான் சமையல். நான் மகளைத் தண்ணீருக்கு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். இலை போட்டுச் சாப்பிடும்போது மீன்கறி நன்றாக இருந்தது. வீட்டிலிருந்து தேங்காய் துருவும் திருவலையை எடுத்து வந்து, தேங்காயை மறந்தது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"தேங்காய் எங்க கிடைச்சுது?"

"வள்ளத்துலதான் கெட்டித் தொங்குச்சே, மைனி."

"மூணு சோடியுமா?"

"கறிக்கு ஒரு சோடி. பாயசத்துக்கு ரெண்டு சோடி."

வள்ளக்காரர் இலையை வழித்துக்கொண்டே சொன்னார்: "பேடிக்காண்டாம் அம்மா, ஒண்ணும் ஆவாது. திரும்பிப் போவதுக்கு எம்பிடு நேரம் ஆவும்? நாளைக்கு வேற கெட்டிருவேன்."

என் கணவர் சிரித்தார். நான் இலையை மடக்கிவிட்டு எழுந்தேன். அடுப்படியில் கிடந்த தொண்டுகளைப் பொறுக்கி, அதே கயிற்றால் மகளின் நெஞ்சிலும் முதுகிலும் சேர்த்துக் கட்டினேன்.

"அம்மா, நாணமாட்டு இருக்கு. எல்லாரும் பாக்காவ."

"ஏட்டி மக்கா, ஒன்னைக் கயிறு திரிக்கக் கொண்டு போறாவளா ஒங்கம்மை?" என்றான் கொழுந்தன். அவள் அழுதேவிட்டாள். நான் அவிழ்க்கவில்லை.

திரும்பும்போது கடல்காற்று வலுத்திருந்தது. எதிரே பாரம் ஏற்றிய பெரிய வள்ளம் வந்தது. அதற்கு வழிவிட ஒதுங்கினோம். காற்று பக்கவாட்டில் அடித்தது. வள்ளம் சரிந்து ஒரு பக்கம் தண்ணீர் ஏறியது. என் கைக்குள் இருந்தவள் இல்லை.

நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. தொண்டுக் கட்டு தெரிந்தது. அதற்கு மேலே அவள் முகம், வாயைத் திறந்தபடி, வானத்தைப் பார்த்து. கொழுந்தன் குதித்துப் போய்ப் பிடித்தான். அவளை என்னிடம் தூக்கித் தந்தபோது அவன் பல் கிடுகிடுத்தது. பாத்திரத்தால் தண்ணீரை இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தோம்.

வள்ளங்கள் அணையும் கடவில் நின்ற காவலர் வள்ளத்தைச் சுற்றிப் பார்த்தார். "மிதப்பு எங்க வோய்?"

வள்ளக்காரர் மகளைக் காட்டினார்.

"அது தொண்டு. தேங்காய் எங்க?"

வள்ளக்காரர் வள்ளத்துக்குள் பார்த்தார். வாய் கட்டிய பாயசப் பாத்திரம் மட்டும் நடுவில் சாயாமல் இருந்தது.

அதன் பிறகும் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் போகிறோம். மகளுக்குப் போக வேண்டும். அவளை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க எனக்குத் தெம்பு இல்லை. தேங்காயை வீட்டிலேயே துருவி எடுத்துக்கொள்கிறேன். மணலில் இலை போட்டதும், வள்ளத்தின் பின்புறம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருகிறேன். என்ன சாப்பிட்டேன் என்பது பிறகு நினைவில் இருப்பதில்லை. கொழுந்தன் இப்போது கேலி பேசுவதில்லை. அவனும் அந்தப் பக்கமாகவே திரும்பி உட்காருகிறான்.