சனிக்கு அப்பால் ஒன்று

வெள்ளைக்காரர்கள் புதுக் கிரகம் கண்டுபிடித்த வருஷம் எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். ராகலைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த தாய்மாமன் மகனுக்கு. நாங்கள் டிக்கோயாப் பக்கம். அம்மா இல்லை. அண்ணனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தம்பிகள் இருவரும் சின்னவர்கள். நான் போனால் லயத்து வீட்டில் எங்கள் அடுப்பை எரிக்க ஆளில்லை. அப்பா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சோசியரிடம் போனார்.

சோசியர் பகலில் தேயிலை ஸ்டோரில் வேலை பார்ப்பவர். ஏழாமிடத்தில் சனி, அது நகரும்வரை பொறுக்கவேண்டும் என்றார். மாமா பொறுத்தார். நான் கொழுந்தெடுத்தேன். மழை வந்தது, பனி வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் டிக்கோயாக் கடைக்குப் போனான். கடை முதலாளி பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். கேட்டதும் ஓடி வந்தான். சோசியர் எங்கள் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"சோசியரே, ஒம்பது கிரகம்னீங்களே. சனிக்கும் அப்பால புதுசா ஒண்ணக் கண்டுபிடிச்சிருக்காங்களாம். அப்ப ஒங்க கணக்கு பொய்தானே? தங்கச்சிய அனுப்பிடலாம்."

"கண்ணுக்குத் தெரியுதா அது?"

"கொழாய் வச்சுப் பார்த்தாத்தான் தெரியுமாம்."

"கண்ணுக்குத் தெரியாதது கிரகமாடா?"

"ராகு கேதுவ நீங்க எந்த மலையில நின்னு பார்த்தீங்க?"

அப்பாவே சிரித்துவிட்டார். சோசியர் சிரிக்கவில்லை. "எவ்வளவு மெதுவாப் போகுதாம்?" என்றார்.

"சூரியனச் சுத்திவர எரநூறு வருசத்துக்கும் மேலயாம்."

அண்ணன் பெருமையாகத்தான் சொன்னான். சொல்லியிருக்கக் கூடாது.

சோசியர் விரலை மடக்கினார். பன்னிரண்டு ராசி. "அப்ப ஒரு வீட்டுல இருபது வருசம் குந்தியிருக்கும். சனிக்குப் பின்னாடி வர்றது, சனி இருக்கிற வீட்டுலதான் எறங்கும். சனி போனாலும் இது போகாது." சற்று முன் அதைக் கிரகமே இல்லை என்றவர்.

அப்பா தலையாட்டினார்.

அண்ணன் விடவில்லை. அடுத்த வாரமும் கடையில் போய் உட்கார்ந்தான். மறுநாள் சாயந்திரம் நான் மலையிலிருந்து திரும்பியபோது சோசியரைப் பிடித்துவைத்திருந்தான்.

"ரொம்பச் சின்னதாம் சோசியரே. அதக் கிரகம்னு சொல்லலாமா கூடாதான்னு படிச்சவங்களே அடிச்சுக்கிறாங்களாம்."

சோசியர் என் காலைக் காட்டினார். கணுக்காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. "அட்டை எம்புட்டுப் பெருசு? ரத்தம் குடிக்கலையா?"

நான்தான் கேட்டேன். "நாம நிக்கிற பூமியும் கிரகம்னு கடையில சொன்னாங்களாமே. அது என் சாதகத்துல எங்க இருக்கு?"

"அது காலுக்குக் கீழ கெடக்கு புள்ள. அத யாரு கணக்குல சேக்குறா?"

நான் கூடையை இறக்கி வைத்தேன்.

மாமா ராகலையிலிருந்து பஸ் பிடித்து வந்தார். தேயிலைச் சாயத்தண்ணி கொடுத்தேன்.

"என்ன மச்சான், சனி போயிருச்சா?"

அப்பா தரையைப் பார்த்தார். "அதுக்கு அப்பால இன்னொண்ணு இருக்காம் மச்சான். இருபது வருசமாம்."

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். கோப்பையில் பாதி மிச்சமிருந்தது. அதைக் கீழே வைத்தார்.

"பையனுக்கு வேற எடம் பாக்குறேன்."

என்னைப் பார்க்காமலே போனார். அண்ணன் ரோட்டுவரை பின்னால் போனான். தனியாகத் திரும்பி வந்தான்.

கணக்குப்படியே சனி வீடு மாறியது. சோசியர் வாசலில் நின்று அதைச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். போட்டேன்.