ஏசி இன்ஜினும் டிசி கையும்

சரக்கு ரயில் ஓட்டுவதில் பாதி வேலை வண்டியை நகர்த்துவது. மீதி, நின்ற இடத்தில் திட்டு வாங்குவது. ஒரகடம் பக்கம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர் என்றால், நீங்களும் என்னைத் திட்டியிருப்பீர்கள்.

தூறலில் நின்ற வண்டி

கார் கம்பெனிகளுக்கு இரும்புச் சுருள் கொண்டுபோவேன். கேட்டைத் தாண்டியதும் லேசான ஏற்றம். டீசல் இன்ஜினில் கரண்ட் மோட்டார்தான் சக்கரத்தைச் சுழற்றும். பழைய இன்ஜினில் அது டிசி மோட்டார். தூறல் போட்டால் போதும், சக்கரம் கீச்சென்று கத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். உடனே விசையைக் குறைத்து, தண்டவாளத்தில் மணல் தூவி, மெதுவாகக் கூட்ட வேண்டும். இருபது வருடப் பழக்கம், சத்தம் கேட்டதும் கை தானாகக் குறைத்துவிடும்.

ஒரு நாள் எவ்வளவு மணல் தூவியும் ஏறவில்லை. ரயில் கேட்டை மறித்து நின்றது. என் வீட்டு மாடியில் குடியிருக்கும் தென்காசிக்காரர் முத்துப்பாண்டி, கம்பெனி பஸ்ஸில் மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்கு லேட். மாலையில் கேட்டார்: "அண்ணாச்சி, நீங்க ரயில் ஓட்டுதியளா, இல்ல கேட்டுக்குப் பூட்டு போடுதியளா?"

புது இன்ஜின்

அப்புறம் ஏசி மோட்டார் இன்ஜின் வந்தது. அதில் கம்ப்யூட்டரே சக்கரத்தைத் துளி நழுவவிட்டுத்தான் பிடித்து இழுக்கும்; அப்போதும் கீச்சிடும். அதற்காக விசையைக் குறைக்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள், தலையாட்டினேன். மழையில் அதே ஏற்றத்தில் சக்கரம் கீச்சிட்டதும் என் கை விசையைக் குறைத்துவிட்டது. நன்றாக ஏறிக்கொண்டிருந்த ரயில் கேட்டிலேயே நின்றது. வெட்கமாகப் போய்விட்டது. கேட் கீப்பர் கீழேயிருந்து கத்தினார்: "இன்னா சார், புது இன்ஜின் குடுத்தும் அதே எடத்துல குந்திக்கினு கீறீங்களே!"

மூன்றாவது மழை

அன்றும் பஸ் கேட்டில் மாட்டியதில் முத்துப்பாண்டிக்கு அதோடு இரண்டு லேட். இன்னொன்று ஆனால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அந்த வாரமே மறுபடி மழை. கேட்டில் அவர் பஸ் நிற்பது தெரிந்தது.

ஏற்றத்தில் சக்கரம் கத்த ஆரம்பித்தது. கை பரபரத்தது. "சார், அது வழுக்கல, புடிக்குது! விசையத் தொடாதீங்க!" என்றார் உதவி ஓட்டுநர் கல்பனா. கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். சத்தம் காதைப் பிய்த்தது, வேகம் மட்டும் இறங்கவில்லை. கடைசி வேகன் கேட்டைத் தாண்டியதும்தான் மூச்சு வந்தது.

மாலையில் முத்துப்பாண்டி சிரித்துக்கொண்டே வந்தார்: "அஞ்சு நிமிசம் முந்தியே போயிட்டேன், அண்ணாச்சி. ஆனா அந்தச் சத்தத்துக்கு பஸ்ஸுல எல்லாரும் காதப் பொத்திக்கிட்டு உங்களத்தான் வைதாக!"

டிசி இன்ஜின் ஓட்ட என் கைக்கு வேலை கற்றுக்கொடுத்தேன். ஏசி இன்ஜின் ஓட்ட, அதைச் சும்மா இருக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.