வயிறு நிறைந்தால் நின்றுவிடும் கார்

அந்தக் கார் ஓடும். அதில் சந்தேகமே வேண்டாம். மரக்காணத்தை விட்டுக் கிளம்பினால் இரண்டாவது கியர், மூன்றாவது கியர், ஜன்னலில் கடல்காற்று, சாலையோரத்து உப்பளம் பாத்தி பாத்தியாக வெயிலைத் திருப்பி முகத்தில் வீசும், நான் வாய்விட்டுப் பாட ஆரம்பிப்பேன், பல்லவி முடிந்து சரணத்துக்குள் நுழையும்போது வண்டி ஒரு குலுங்கு குலுங்கும், ஒரு இருமல் இருமும், அப்புறம் என்ஜின் ஓய்ந்துபோய் என் பாட்டு மட்டும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

அரை மணி நேரம் சும்மா விட்டால் போதும். சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். அடுத்த சரணத்தில் மறுபடி நிற்கும்.

இரண்டாயிரத்து ஐந்து, கோடை விடுமுறை. எனக்கு முப்பத்துநான்கு வயது, பிரம்மதேசத்தில் பள்ளிக்கூட டீச்சர். கணவர் உப்பளத்தில் சூப்பர்வைசர். கூனிமேட்டில் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் பாய் ஒருவரிடம் இந்தப் பெட்ரோல் காரை வாங்கியிருந்தோம். மோர் நிறம். என்னைவிட ஏழெட்டு வயதுதான் இளையது. கதவை இரண்டு தரம் சாத்த வேண்டும், முதல் தரம் அது நம்மை நம்பாது.

சாவியைக் கொடுக்கும்போது பாய் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க டீச்சரம்மா. சரிப்படலன்னா கொண்டாந்து வுட்டுடுங்க, நானே திருப்பி எடுத்துக்குறேன். நம்ம வாக்கு வாக்குதான்."

அந்த ஒரு மாதம் ஒரு வெள்ளிக்கிழமையில் முடிந்தது. என் கணவர் அந்த வெள்ளிக்கிழமையைப் பிடித்துக்கொண்டார். "தொழுகை முடிஞ்சு பாய் கடை தொறப்பாரு. வண்டிய வுட்டுட்டு பஸ்ல திரும்பிடலாம். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

எனக்கு நிம்மதி வேண்டாம். எனக்குக் கார் வேண்டும். பத்து வருஷமாக என் ஆசைகளுக்கெல்லாம் பஸ் டைம் இருந்தது. கடல் பார்க்கத் தோன்றினால் நாலரை மணி பஸ்ஸில் தோன்ற வேண்டும், ஆறேகாலுக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும். திண்டிவனத்துக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் வாங்கி, முதல் தடவை யாரையும் கேட்காமல், எந்த நேரமும் பார்க்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினேன் பாருங்கள், அந்தக் கிறுகிறுப்பு இன்னும் உள்ளங்காலில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நோயைக் கண்டுபிடித்தால் கார் என்னுடையது. இல்லாவிட்டால் மறுபடி நாலரை மணி பஸ்.

கூட்டுரோட்டு மெக்கானிக் ஒரு நல்ல மனுஷர். ரேடியோவை ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு வேலை செய்வார். எந்த வண்டி நின்றுபோய் வந்தாலும் முதல் காரியமாகப் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பார். "பெட்ரோலே இல்லாம ரிப்பேருன்னு வந்து நிக்கிறவங்க பாதிப் பேரு டீச்சர். மொதல்ல அத பாத்துடணும்." எங்கள் டேங்க்கில் பெட்ரோல் இருக்கும். அதன் பிறகுதான் வைத்தியம். முதல் தடவை பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார், கார் கிளம்பியது. இரண்டாம் தடவை கார்புரேட்டரைக் கழற்றி அதன் சின்னத் துளைகளில் வாயால் ஊதினார், கிளம்பியது. மூன்றாம் தடவை பெட்ரோல் பம்ப்பைப் பிரித்து உள்ளேயிருந்த ரப்பரை மாற்றினார், கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் நான் கைகூப்பினேன், ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் ஒரு டாக்டர் சிரிப்பு. ஒவ்வொரு தடவையும் மறுநாளே உப்பளத்துக்கு நடுவில் என் பாட்டு தனியாக ஓடியது.

நாலாம் தடவை அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "சூடு டீச்சர். இந்த வெயிலுக்கு பெட்ரோலு பைப்புக்குள்ளயே ஆவியாவுது. பம்ப் மேல ஈரத்துணி சுத்துங்க."

சுற்றினேன். என் பழைய பச்சை ஜாக்கெட்டைக் கிழித்து நனைத்துப் பம்ப்பின் மேல் சுற்றிக்கொண்டு, பின்சீட்டில் ஒரு குடம் தண்ணீரோடு புறப்பட்டேன். காய்ச்சல்காரருக்குப் பத்துப் போடுவது போல வழியெல்லாம் இறங்கி இறங்கித் துணியை நனைத்தேன். பத்தாவது கிலோமீட்டரில் நின்றது.

டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? ஒரு கோடுபோட்ட நோட்டு எடுத்தேன். எங்கே கிளம்பினேன், எங்கே நின்றது, காற்று எந்தப் பக்கம், வெயில் எவ்வளவு, டேங்க்கில் பெட்ரோல் எவ்வளவு, என்ன பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன் என்பது வரை எழுதினேன். அந்தக் காரில் கிலோமீட்டர் எண்ணும் பெட்ரோல் முள்ளும் மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்தன. இரண்டு வாரம் எழுதிவிட்டுப் பார்த்தால் கண்ணைத் தேய்த்துக்கொள்ளும்படியான ஒரு விஷயம். டேங்க்கில் பெட்ரோல் அடிமட்டத்தில் இருந்த நாட்களில் கார் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போயிருந்தது. பாதி இருந்தால் பத்துப் பன்னிரண்டு. பங்க்கில் நிரப்பிய நாளில் அஞ்சாறிலேயே நின்றிருந்தது.

நோட்டைக் கணவரிடம் நீட்டினேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து சத்தமாகச் சிரித்தார். "வயிறு நெறஞ்சா தூங்குது. என்னை மாதிரி. இத எந்த மெக்கானிக் சரி பண்ணுவான்?"

"சிரிக்காதீங்க. இதுல ஏதோ இருக்குது."

"இருக்குது. வெள்ளிக்கிழமன்னு இருக்குது."

வெள்ளிக்கிழமை வந்தது. காரைக் கழுவித் துடைத்தேன். பச்சை ஜாக்கெட் துணியை அவிழ்த்துப் போட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம், அடுத்த வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோம், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம். அந்தப் பழக்கம் கணவரைக் காரிலும் விடவில்லை. பங்க்கில் நிறுத்தச் சொன்னார். "டேங்க்க வெறுமனே குடுத்தா பாய் இன்னா நெனப்பாரு? ரொப்பிடு." கழுத்துவரை ரொப்பினார்கள். அவரே இறங்கி மூடியை இறுக்கித் திருகி, அதன் மேல் பாலிதீன் தாளைச் சுற்றி, சைக்கிள் டியூபை வெட்டின ரப்பர் வளையத்தால் மூன்று சுற்றுச் சுற்றினார். கார் வீட்டுக்கு வந்த நாள் முதல் அவர் அதை அப்படித்தான் கட்டி வைத்திருந்தார். பங்க்கில் அவிழ்ப்பார்கள், மெக்கானிக் அவிழ்ப்பார், இவர் மறுபடி கட்டுவார். நான் அந்தக் கட்டைத் தொட்டதே இல்லை.

கூனிமேட்டை நோக்கிப் புறப்பட்டோம். நான் பாடவில்லை. அஞ்சு கிலோமீட்டர் தாண்டியதும் குலுங்கியது, இருமியது, நின்றது.

உப்பு வாரிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் கூடையோடு எங்களைப் பார்த்தார்கள். அவர்களுக்கு நான் புதுசு இல்லை. அந்த மாதத்தில் மூன்று தரம் தள்ளிவிட்டவர்கள்.

"இன்னா டீச்சரு, இன்னிக்கு சாரையும் ஏத்திக்கினு வந்து நிக்கிற?"

"மாடு ஒண்ணு வாங்கி முன்னால கட்டிடு டீச்சரு. காரும் போவும், பாலும் கறக்கும்."

"ஏய், பெட்ரோல் இருக்குதான்னு கேளுங்கடி மொதல்ல!"

அந்தக் கடைசிக் கேள்வி என் உச்சந்தலையில் ஏறியது. ஒரு மாதமாக வழியில் போனவர் வந்தவர் எல்லாரும் கேட்ட கேள்வி. "பெட்ரோலா? கழுத்து வரைக்கும் இருக்குது, வந்து பாருங்க!" என்று ரப்பரைப் பிய்த்து, பாலிதீனைக் கிழித்து, மூடியை வெறியோடு திருகினேன்.

புஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!

முன்னால் வந்த பெண் கூடையைப் போட்டுவிட்டுப் பின்னால் குதித்தாள். "ஐயோ, பாம்புடி!"

பாம்பு இல்லை. டேங்க் மூச்சை இழுத்தது. வெளியே விடவில்லை, உள்ளே இழுத்தது. மூடியின் விளிம்பில் என் விரலில் அந்த இழுப்பு தெரிந்தது. தண்ணீருக்கடியில் தம் பிடித்து முங்கியிருந்தவள் மேலே வந்து இழுக்கிற முதல் மூச்சு. நான் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். அரை மணி நேரம் இல்லை, அரை நிமிஷம்கூட இல்லை. பிடித்துக்கொண்டது. உறுமியது.

கையில் மூடி. திருப்பிப் பார்த்தேன். நடுவில் குண்டூசி போகிற அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளைக்குள் வெள்ளையாக, அழகாக, ஓரம் வழித்து, மெழுகு.

"இது இன்னாங்க?"

கணவர் மூடியைப் பார்த்தார். உப்புப் பாத்தியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் கை ஒரு ஓட்டையைக் கண்டால் சும்மா இருக்காது. அந்தக் காற்று ஒரு மழைக்காலத்தில் பூட்டைத் தின்னும், இரண்டு மழைக்காலத்தில் ஜன்னல் கம்பியைத் தின்னும். எங்கள் வீட்டில் ரேடியோ பாலிதீன் பைக்குள் இருந்துதான் பாடும், டார்ச் லைட்டுக்கு டியூப் சட்டை, சுவர்க் கடிகாரத்தின் முதுகில் மெழுகு. கார் வந்த அன்று அந்த மனுஷர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் மூடியில் துளையைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"ஓட்டையா வுட்டு வச்சிருந்தாரும்மா பாய்," என்றார் மெல்ல. "உப்புக் காத்து உள்ள பூந்து டேங்க் துருப்பிடிச்சிடும்னுதான்... மெழுகுவத்தி உருக்கி ஊத்தனேன். மேல ரப்பரும் போட்டேன்."

எனக்கு நோட்டு முழுவதும் ஒரே நொடியில் விளங்கியது. பம்ப் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வர வழியில்லை. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே இருக்கிற காற்று ஒரு கையளவு, சீக்கிரம் விரிந்து மெலிந்துபோய்ப் பெட்ரோலைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளும். காலியாக இருந்தால் காற்று நிறைய, தூரம் போகும். சும்மா விட்டால் எங்கோ கசிந்து கொஞ்சம் நுழையும். மெக்கானிக்கோ குச்சி விடுவதற்காக மூடியைத் திறந்த நொடியிலேயே நோயைத் தீர்த்துவிட்டு, அது தெரியாமல், ரேடியோ சத்தத்தில் அந்தப் புஸ்ஸும் கேட்காமல், ஒரு மணி நேரம் கார்புரேட்டரை ஊதியிருக்கிறார்!

நான் சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வயிற்றைப் பிடித்து முறுக்கியது. பெண்களுக்குச் சொன்னேன், பாதிதான் சொல்ல முடிந்தது, அது போதுமாயிருந்தது.

"சாரு மூக்க அடைச்சிட்டு ஓடு ஓடுன்னா அது எப்பிடி ஓடும்!"

"வூட்ல டீச்சரு வாயவும் அப்பிடி அடைச்சுப் பாத்திருப்பாரு, முடியல."

கணவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒருவாட்டி தற்செயலாக்கூட நடந்திருக்கும். இறுக்க மூடி ஓட்டு, பாப்போம்."

மூடினோம். ஓட்டினேன். சில கிலோமீட்டரில் குலுங்கல், இருமல், அமைதி. இந்தத் தடவை அவரே இறங்கிப்போய்த் திருகினார். புஸ்ஸ்ஸ். பின்கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். உப்பளத்தில் இருபது பேரை மேய்க்கிற மனுஷர், கையில் மூடியோடு, பலூன் உடைத்த பிள்ளை மாதிரி நின்றார். ஜன்னலுக்கு வந்து கையை நீட்டினார். என் சேலை ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். மெழுகைத் துளித்துளியாக நோண்டி எடுத்து, துளையில் ஒரு கண்ணை வைத்துச் சூரியனைப் பார்த்தார். "தெரியுது," என்றார். அப்புறம்தான் சிரித்தார். சிரித்ததும் அடங்கவில்லை.

அதற்கப்புறம் கார் நிற்கவில்லை. அஞ்சு கிலோமீட்டர், ஏழு. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நாங்கள் இருவரும் கூச்சல் போட்டோம். கூனிமேடு வந்தது. பாய் கடைவாசலில் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார், எங்களைக் கண்டதும் சாவி வாங்கக் கையை நீட்டிக்கொண்டே இறங்கி வந்தார். வேகத்தைக் குறைத்தேன். நிறுத்தவில்லை.

கணவர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினார். "பாய்! வண்டிய தர்றதா இல்ல!"

"மாஷா அல்லாஹ்! பின்ன எதுக்கு இந்தப் பக்கம் வந்தீங்க?"

"சும்மா! போற வழி!"

"எங்க போறீங்க?"

நான் கணவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பாய் நீட்டின கையை அப்படியே ஆட்டிக்கொண்டு கண்ணாடிக்குள் சின்னதாகிப் போனார்.

குயிலாப்பாளையம் திரும்பும் இடம் வந்தது, திரும்பவில்லை. சாலை வெறிச்சென்று நீண்டு கிடந்தது. இடது பக்கம் தென்னைகளுக்கு நடுவே கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது.

"ஹாரன் அடி," என்றார் கணவர்.

"முன்னால யாருமே இல்லியே."

"அதான் சொல்றேன். அடி."