ஓடைப் பாலத்துக்குக் கத்திய கதை

போராடுவதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, தொண்டைதான் தேயும். மனு கொடுத்தே செருப்புத் தேய்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தைவிடத் துண்டறிக்கைகளில் அதிகம் படித்தவன் நான். இரண்டாயிரத்துக்குப் பிறகு, வடகவுஞ்சிப் பக்கம் எங்கள் குடியிருப்புக்கு ஓர் ஓடைப் பாலம் கேட்டுக்கொண்டிருந்தோம். மழையில் ஓடை பெருகினால், பிரசவ வலி வந்தவளும் இக்கரையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

மறியல்

எம்.எல்.ஏ. கொடைக்கானல் போகிறார் என்றதும் மலைரோட்டில் உட்கார்ந்துவிட்டோம். என் மறியலில் சைக்கிள்கூட நகராது. அவர் காருக்குள்ளிருந்தே கும்பிட்டார். நாங்கள் ‘ஒழிக’ போட்டோம். கடைசியில் கார் திரும்பிப் போனது. பின்னால் நின்ற ஜீப்பும் திரும்பியது. எங்கள் ஓடையை அளக்க வந்த இன்ஜினீயர் அதில் இருந்தார் என்று யார் கண்டது? டீக்கடை பாண்டி சொன்னான்: “அண்ணே, பாலத்தையே மறிச்சுப்புட்டீங்களே!”

தொண்டை

ஊருக்கே வந்து பேசுகிறேன் என்று எம்.எல்.ஏ. ஆளனுப்பினார். எனக்கு நம்பிக்கையில்லை; முந்தின நாளே கண்டனக் கூட்டம் போட்டு முழங்கினேன். விடிந்ததும் தொண்டையில் காற்றுதான் வந்தது.

சர்ச் கூடத்தில் எம்.எல்.ஏ. முன்னால் நான் வாயை மட்டும் அசைக்க, ராசம்மா எழுந்தார். சிலோன் எஸ்டேட்டிலிருந்து வந்து குடியேறியவர். மகள் ஆறு மாசக் கர்ப்பம். “ஐயா, ஏச வரல்ல. மழைக்கு முந்தி ஒருக்கா ஓடையை வந்து பாருங்க.”

எம்.எல்.ஏ. சட்டென்று எழுந்துவிட்டார். “இதைக் கேக்கத்தாம்மா வந்தேன். அன்னைக்குக் கண்ணாடிய எறக்கினா ஒழிகதான் கேட்டுச்சு.”

தேத்தண்ணி

ஓடைக்கரையில் எம்.எல்.ஏ. மறைக்கவில்லை: பெரிய பாலத்துக்கு இந்த வருஷம் வழியில்லை. ராசம்மாவும் விடவில்லை: “ஆள் நடக்கிற அளவுக்காவது?” கல்லும் ஆளும் எங்களுடையது, சிமெண்டும் கம்பியும் அவர் பொறுப்பு என்று முடிந்தது. ஐப்பசி மழையில் ராசம்மாவின் மகள் அந்த நடைபாலத்தைக் கடந்துதான் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறினாள்.

பிள்ளையோடு அவள் திரும்பிய அன்று, ‘போராட்டம் வென்றது’ என்று முழங்கத் தொண்டையைச் செருமினேன். ராசம்மா ஒரு டம்ளரை என் கையில் திணித்தார். “தோழரே, தேத்தண்ணி குடிங்க. அடுத்த மாசம் பஸ் கேக்கப் போறோம். அதுவரைக்கும் நீங்க பேச வேணாம்.”

முப்பது வருஷம் கத்திய எனக்கு, நான் வாய் திறக்க முடியாத நாளில்தான் பாலம் கிடைத்தது; அதையும் என் போராட்டக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன்.